கார்த்திகையில நட்டாச்சு, பங்குனியில தண்ணி ஊத்துறது ஆர்?

கார்த்திகை வந்தால் எங்கட முகநூல் முழுக்கப் பச்சையாகிவிடும். பாடசாலை, விளையாட்டுக் கழகம், வங்கி, கோயில், பழைய மாணவர் சங்கம் எண்டு ஆளாளுக்கு ஒரு கன்று, ஒரு பதாகை, ஒரு குழுப்படம். வடமாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. சபையின் காலம் 2018 இல் முடிந்துவிட்டது, பழக்கம் மட்டும் நிலைத்து நிற்கிறது. நல்ல பழக்கம்தான். மாதத் தெரிவும் சரிதான். வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டித் தீர்க்கிறது. அந்த ஈரத்தில் வைத்த கன்று எவருடைய உதவியும் இல்லாமல் வேர்பிடிக்கும். இதில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கட கேள்வி அதுக்குப் பிறகு வாற பங்குனியைப் பற்றியது. தை நடுவோட மழை ஏறக்குறைய நிண்டுவிடும். அடுத்த பெருமழைக்கு எட்டு மாதம் காத்திருக்க வேணும். கார்த்திகையில் நட்ட கன்றுக்கு உண்மையான பரீட்சை அந்த எட்டு மாதம்தான். அந்தப் பரீட்சைக்குப் பதாகையும் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை, கமராவும் இல்லை. ஒரு வாளி தண்ணியோட பின்னேரம் ஒரு ஆள் வரவேணும். அவ்வளவுதான்.

இது நட்ட கன்றுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. வீட்டு வளவில் முப்பது, நாற்பது வருடம் நிற்கிற வேம்புக்கும் மாவுக்கும் இதே கதைதான். மரங்களை வெறுக்கிற சனம் இல்லை நாங்கள். வேம்படி, மருதடி, கொய்யாத்தோட்டம், பூவரசங்குளம் எண்டு மரத்தின் பெயரை இடத்துக்கு வைத்த சனம். பிறகேன் வளவுகள் வெளிக்குது? நாங்கள் கண்டவரையில் காரணம் இதுதான்: அந்தந்தப் பருவத்தில் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையை ஒருத்தரும் செய்யாமல் விடுகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அந்தச் சின்ன வேலை ஒரு பெரிய பயமாக வளர்ந்து நிற்கும். பயம் வந்த பிறகு ஒரே தீர்வுதான் தெரியும், மெஷின் வாளோட ஆளைக் கூப்பிடுறது.

மரம் தறிக்கிற வீடுகளில் சொல்லப்படுகிற காரணங்களைக் கவனித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப நாலு காரணம்தான் வரும். அந்த நாலுக்கும் ஒவ்வொரு பருவம் இருக்கு. ஒவ்வொரு பருவத்திலும் அந்தக் காரணத்தை இல்லாமல் பண்ணுகிற ஒரு வேலையும் இருக்கு.

"காத்துக்கு முறிஞ்சு வீட்டுக்கு மேல விழும்"

இந்தப் பயத்தைப் பகிடி பண்ண ஏலாது. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியை அங்கத்தைய மூத்த ஆட்கள் இன்றைக்கும் கண்கலங்கச் சொல்லுவினம். தென்னந்தோட்டங்கள் அப்படியே சரிந்துபோன காலம் அது. 2020 டிசம்பரில் புரவி வந்தபோது வடக்கில் இரவிரவாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு முழித்திருந்த வீடுகள் எத்தனையோ. ஓட்டுக்கு மேல மாங்கொப்பு ஒன்று சரிந்து நிற்கிற வீட்டில், தனியப் படுக்கிற ஒரு ஆச்சிக்கு "மரம் எங்கட சொத்து" எண்டு வகுப்பெடுப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் புயல் எச்சரிக்கை வந்த பிறகு மரத்தில் கைவைப்பது மிக மோசமான நேரம். அவசரத்தில் கூலிக்கு வருகிறவர் எது கைக்கு எட்டுதோ அதை வெட்டுவார், இல்லாட்டி நடுவால மொட்டையடிப்பார். மொட்டையடித்த மரம் பார்க்கப் பாதுகாப்பாக இருக்கும். வெட்டின இடத்தைச் சுற்றி ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்கள் கிளம்பும். அவை தடித்த கொப்பின் உள்மரத்தில் வேரூன்றியவை இல்லை, மேல்பட்டையோடு ஒட்டி நிற்பவை. இரண்டு மூன்று வருடத்தில் பாரம் ஏறி, அடுத்த பெருங்காற்றில் முதலில் பிய்ந்து விழுவதும் அவைதான். அதோட உள்ளே வெயிலும் மழையும் இறங்கி நடுமரம் உக்கத் தொடங்கும். மொட்டையடிக்கிறது ஆபத்தை ஒரு மூன்று வருடத்துக்குப் பின்போடுகிற வேலை.

இந்த வேலைக்குரிய காலம் ஆவணியும் புரட்டாதியும். மாம்பழக் காலம் முடிந்திருக்கும், மழை தொடங்கியிருக்காது. மாமரத்தைப் பொறுத்தவரை அறுவடை முடிந்த கையோடு கொப்புத் தறிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மா முற்றின கொப்பு நுனியில்தான் பூக்கும். ஆவணியில் வெட்டினால் புதுத்தளிர் வந்து முற்றுவதற்கு நாலைந்து மாதம் கிடைக்கும். கார்த்திகையில் வெட்டினால் தையில் பூக்கிறதுக்கு நுனியே இருக்காது. பிறகு "இந்தக் கறுத்தக்கொழும்பான் இந்த முறை காய்க்கேல்லை, நிண்டு என்ன பிரயோசனம்" எண்டு மரத்துக்குப் பழி.

எதை வெட்டுவது? பட்ட கொப்பு முதலில். பிறகு ஒன்றோடொன்று உரசுகிற கொப்பு, கூரைக்கு மேல வந்தது, ஒரு பக்கம் மட்டும் பாரமாகச் சாய்ந்தது. ஒரு வருடத்தில் மரத்தின் பச்சையில் கால்பங்குக்கு மேல எடுக்கக்கூடாது. பெரிய கொப்பை ஒரே வெட்டில் மேலிருந்து இறக்கினால் அது விழும்போது தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அதனால தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழ்ப்பக்கமாக முதலில் கொஞ்சம் அறுக்க வேணும். அதுக்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேணும். கடைசியாக மிச்சமிருக்கிற கட்டையை எடுக்க வேணும். கொப்பு தண்டோடு சேருகிற இடத்தில் மோதிரம் போட்டது போல ஒரு தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பை விட்டு, அதுக்கு வெளியே அறுத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். தென்னையில் காய்ந்த மட்டையும் முற்றின காயும் இறக்கினால் போதும். பச்சை மட்டையைக் கழிக்கக்கூடாது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை இருக்கிறது.

சில மரம் தறிக்கத்தான் வேணும். அடிமரத்தில் காளான் பூத்திருந்தால், தட்டிப் பார்க்கக் கோறையாய்ச் சத்தம் கேட்டால், ஒரு பக்கம் வேரோடு மண் கிளம்பியிருந்தால், அதை வைத்துக்கொண்டு பாசம் பேசுவதில் பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது அடிமரத்தைச் சுற்றி நடந்து பார்க்கிற ஆளுக்குத்தான் எந்த மரம் தறிக்க வேண்டியது, எது தேவையில்லாதது எண்டு தெரியும். பார்க்காத ஆளுக்கு எல்லா மரமும் ஒரே பயம்தான்.

முந்தி இந்த ஆவணி–புரட்டாதி வேலையை ஒருத்தரும் தனியாக நினைவுபடுத்தத் தேவையிருக்கேல்லை. வேலிதான் நினைவுபடுத்தியது. பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் கதியாலாக நிண்ட காலத்தில் வருடத்துக்கு ஒருக்கா வேலி வெட்டித்தான் ஆகவேணும். குழை தோட்டத்துக்கும் ஆட்டுக்கும் போகும், நல்ல தடி புதுக் கதியாலாக முதல் மழையோடு ஊன்றப்படும். வேலிக்கு ஏறின கத்தி அப்படியே வளவு மரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரும். இப்ப வேலி போய் மதில் வந்தாச்சு. மதிலுக்குப் பருவம் இல்லை. வளவுக்குள் கத்தியோட இறங்குகிற அந்த ஒரு நாளும் மதிலோட சேர்ந்து காணாமல் போச்சு.

"மயிர்க்கொட்டி, நுளம்பு, டெங்கு"

மழை தொடங்கினதும் அடுத்த காரணம் வரும். முருங்கையில் மயிர்க்கொட்டி. பகலில் அடிமரத்தில் கூட்டம் கூட்டமாக அப்பிக்கொண்டு கிடக்கும், இரவில் ஏறி இலையைத் தின்னும். பிள்ளைகளின் உடம்பில் பட்டால் தடிக்கும், கடிக்கும், அழுகை. உடனே பந்தம் கொளுத்தி எரிப்பார்கள். மயிர்க்கொட்டியோட மரத்தின் பட்டையும் கருகும். இரண்டு வருடம் இப்படி எரித்த பிறகு, "உந்தச் சனியனைத் தறிச்சு விடு" எண்டு முடிவெடுப்பார்கள்.

"முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்" எண்டு ஊரில் ஒரு சொல் இருக்கு. இரண்டாவது பாதியை நாங்கள் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. முதல் பாதி கச்சிதமான மர அறிவு. காய்த்து முடிந்ததும் முருங்கையை இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் வெட்டிவிட்டால் அது பக்கத்துக்குக் கிளைத்துக் கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கும். காயும் நிலத்தில் நிண்டே பறிக்கலாம், மயிர்க்கொட்டி வந்தாலும் சவர்க்காரத் தண்ணி அடித்துக் கூட்டத்தை அடிமரத்திலேயே அழிக்கலாம். இருபதடிக்கு வளரவிட்ட முருங்கையில் இது ஒன்றும் நடக்காது.

டெங்கு இன்னும் பாரதூரமான விசயம். வடக்கில் அது உச்சத்துக்கு ஏறுவது மாரி மாதங்களில். பரிசோதனைக்கு ஆட்கள் வருகினம் எண்ட பயத்தில் மரத்தையே தறிக்கிற வீடுகள் இருக்கு. ஆனால் டெங்கு நுளம்புக்குத் தேவை தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணி. சிரட்டை, யோகட் கப், பழைய ரயர், இலை அடைத்த பீலி, மரப்பொந்து. இதில மரத்தோடு சம்பந்தப்பட்டவை இரண்டுதான். ஐப்பசி தொடங்க முந்திப் பீலியில் கிடக்கிற இலையை அள்ள வேணும், பொந்து இருந்தால் மணல் போட்டு நிரப்ப வேணும். ஒரு சனிக்கிழமை காலமைக்குள்ள முடிகிற வேலை. மரத்தைத் தறித்துவிட்டு யோகட் கப்பை வளவில் விட்டால் நுளம்பு வராமல் விடப்போவதில்லை.

இதே மாதத்தில் இன்னொரு வேலையும் உண்டு. வெயில் காலத்தில் தண்ணி நிற்பதற்காகக் கன்றைச் சுற்றிக் கட்டின பாத்தியை மாரியில் வெட்டிவிட வேணும். கோடையில் பள்ளமாகவும் மாரியில் மேடாகவும் அடிமண் இருக்க வேணும் எண்டது எங்கட தோட்டக்காரருக்குத் தெரிந்த சாதாரண கணக்கு. பப்பாசி போன்றவை அடியில் இரண்டு நாள் தண்ணி நிண்டாலே அழுகிச் சாகும். "மழைக்குச் செத்துப்போச்சு" எண்டு சொல்லப்படுகிற கன்றுகளில் பாதி பாத்திக்குள் மூச்சுமுட்டிச் செத்தவை.

"ஒரே குப்பை"

நாலு காரணத்திலும் எங்களுக்குக் கூடுதலாகக் கோபம் வருவது இதில்தான். மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கும். ஒரு இரண்டு மூன்று கிழமை முற்றம் முழுக்க மஞ்சள் இலை. பிறகு செம்பு நிறத்தில் தளிர், சித்திரையோட பூ. அந்தப் பூவை அள்ளி வடகம் போடுகிற சமையலறைக்கே அந்த இலை குப்பையாகத் தெரிகிறது எண்டால் என்ன செய்ய. மதிலுக்கு அங்கால விழுந்த இலைக்காக இரண்டு வீடு கதைக்காமல் விடுவதும், கடைசியில் சமாதானத்துக்கு விலையாக வேம்பு தறிக்கப்படுவதும் எங்கட ஊர்களில் புதுக்கதை இல்லை.

ஒவ்வொரு நாளும் கூட்டி, மூலையில் குவித்து, நெருப்பு வைப்பது வழக்கம். எரித்தால் சாம்பல் மிஞ்சும், அதில் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கும். இலையில் இருந்த தழைச்சத்தும், மண்ணை மண்ணாக்குகிற உக்கலும் புகையாகப் போய்விடும். வெப்பமான மண்ணில் உக்கல் எப்படியும் கெதியாகக் கரைந்துபோகும். அதை இன்னும் கூட்டிக் கொளுத்திவிட்டு, உரக்கடையில் காசு குடுத்து யூரியா வாங்கிக்கொண்டு வருகிறோம். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது எல்லாரும் இலைகுழையைத் தேடி ஓடினது இன்னும் மறந்திருக்காது. தடை போனதும் நெருப்புப்பெட்டி திரும்பி வந்துவிட்டது.

வெறும் முற்றத்துக்கும் நியாயம் இருந்தது எண்டதை ஒத்துக்கொள்ள வேணும். பாம்பு தெரிய வேணும், தேள் தெரிய வேணும், நெல்லுக் காயப்போட வேணும். அதனால முன்முற்றத்தைக் கூட்டுங்கோ. கூட்டினதை நெருப்புக்குக் கொண்டுபோகாமல் பின்வளவில் நிற்கிற தென்னைக்கும் மாவுக்கும் கொண்டுபோங்கோ. மூன்று நாலு அங்குலத் தடிப்புக்கு அடியைச் சுற்றிப் பரப்பலாம். தண்டோடு முட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட வேணும், இல்லாட்டிக் கறையானும் அழுகலும் வரும். தை முடிவில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே இந்த மூடாக்கைப் போட்டுவிட்டால் அந்த ஈரம் பங்குனி வரைக்கும் இழுபடும். மாசியில் மரம் இலையைக் கொட்டுவதும், பங்குனியில் நிலம் காய்வதும் அடுத்தடுத்து வருவது தற்செயலாகவே இருக்கட்டும். எங்களுக்குத் தேவையான சாமான் தேவையான நேரத்தில் மேலேயிருந்து விழுகிறது. அதுக்கு நெருப்பு வைக்கிறோம்.

இப்ப இதுக்கு மேல ஒரு புது நோய், இன்டர்லொக் கல். வளவு முழுக்கக் கல்லுப் பதித்து, மரத்தின் கழுத்துவரை இறுக்கிவிடுகிறார்கள். கல்லுக்கு மேல விழுந்த இலை இன்னும் ஊத்தையாகத் தெரியும், அதனால மரம் இன்னும் பெரிய எதிரியாகும். வேருக்கும் காற்று வேணும். மரத்துக்கு உணவெடுக்கிற வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டு மூன்று அடி மண்ணுக்குள்தான் ஓடுகிறது. அதை மூடினால் மரம் உடனே சாகாது, நாலைந்து வருடம் இழுத்துச் சாகும். அதுக்குள் மூடினவருக்குக் காரணம் மறந்துவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு கூட மாரிக்கு மட்டும் ஓடுவது. கிணற்றில் கிடப்பது முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கின மழைத் தண்ணிதான். வளவுக்குக் கல்லுப் பதித்து மழையை ஒழுங்கைக்குத் தள்ளிவிட்டு, ஆடியில் கிணறு வத்துது எண்டு ஆரிட்டைச் சொல்லுறது? கார் நிறுத்த இடம் வேணும் எண்டால் பதியுங்கோ. மரத்தைச் சுற்றி நாலைந்து அடியாவது வெறும் மண்ணாக விடுங்கோ.

"தண்ணி எங்க கிடக்கு?"

சித்திரையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. ஏப்ரல் 5 அளவில் தெற்கில் தொடங்கி 15 அளவில் வடமுனையைக் கடக்கும். வைகாசியோட சோளகம் தொடங்கிவிடும். அந்தக் காற்றுக்குக் கன்றின் இலை நுனி கருகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் இரண்டு கோடையைத் தாண்டின மரம் பிறகு தன் பாட்டைத் தானே பார்க்கும். தாண்டுவதற்கு முந்தித்தான் ஆள் வேணும்.

தண்ணி அவ்வளவாகத் தேவையில்லை, ஊத்துகிற முறைதான் தேவை. ஒவ்வொரு நாளும் மேலால ஒரு கோப்பை தெளித்தால் வேர் மேலேயே நிற்கும், ஒரு நாள் தவறினால் வாடும். கிழமைக்கு இரண்டு தரம், பின்னேரத்தில், ஆறுதலாக, ஆழமாக இறங்குமளவுக்கு ஊத்தினால் வேரும் கீழே தேடிப் போகும். பழைய சோடாப் போத்தலின் மூடியில் ஊசித்துளை போட்டுக் கவிழ்த்துப் புதைத்தாலும் சரி, சின்ன மண்முட்டியைப் பக்கத்தில் தாட்டு நிரப்பிவிட்டாலும் சரி, சொட்டுச் சொட்டாக இறங்கும். வளர்ந்த மரத்துக்கு ஊத்துவதெண்டால் தண்டடியில் ஊத்திப் பயனில்லை. கொப்புகளின் நிழல் முடிகிற வட்டத்தில் ஊத்த வேணும், குடிக்கிற வேர் அங்கதான் கூடுதலாக இருக்கு.

முந்திக் கிணற்றடியில் குளித்த தண்ணி வாய்க்காலால் வாழைக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் போனது. அதுக்கெண்டு ஒருத்தரும் தனியாக நேரம் ஒதுக்கேல்லை. குளியலறை வீட்டுக்குள் வந்ததும் அந்தத் தண்ணி குழாயால் நேராகக் குழிக்குள் போகிறது. மலசலகூடத் தண்ணியைத் தொடத் தேவையில்லை. குளிக்கிற, அரிசி கழுவுகிற தண்ணிக்கு ஒரு தனிக் குழாய் போட்டு வாழையடிக்குத் திருப்பிவிடுவது புது வீடு கட்டுகிற நேரம் மேசனுக்குச் சொன்னால் முடிகிற காரியம். தென்னைக்கு இன்னொரு வழியும் இருக்கு. உரிமட்டைகளை அடியைச் சுற்றிக் குழிவெட்டி அடுக்கித் தாட்டால் அவை மழைத் தண்ணியைக் குடித்து வைத்திருந்து கோடையில் விடும். எரிப்பதற்கெண்டு குவிக்கிற மட்டைதான் அது.

கடந்த சில வருடங்களாகத் தென்னைகளில் வெள்ளை ஈ படுத்துகிற பாடும் இந்தக் காலத்தோடு சேர்ந்ததுதான். இலைக்கு அடியில் வெள்ளைச் சுருளாகப் படியும், கீழ் ஓலையெல்லாம் கரிப்பூசினது போலக் கறுக்கும். மழை அடிக்க அது குறையும், வறட்சியில் பெருகும். எட்டுகிற உயரத்து மரத்துக்குக் கீழிருந்து மேலாக வேகமாகத் தண்ணி அடித்தால், அதோட வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து தெளித்தால் கட்டுப்படும். ஒரு வளவில் மட்டும் அடித்துப் பலனில்லை, பக்கத்து வளவிலிருந்து திரும்ப வரும். கோடையில் மரம் பார்க்கிறது தனி வீட்டு வேலை இல்லை எண்டதை அந்தச் சின்னப் பூச்சி எங்களுக்குப் படிப்பிக்குது.

சரி, ஆர் செய்யிறது?

இதுவரை சொன்னதில் புதிசாக ஒன்றும் இல்லை எண்டு ஊர்ப் பெரியாக்கள் சொல்லலாம். உண்மைதான். அறிவு இருக்கு, அதைச் செய்கிற கைதான் குறைஞ்சு போச்சு. இதுவரை அந்தக் கை பெரும்பாலும் ஆருடையது? விடியக் காலமை விளக்குமாறோடு முற்றத்தில் நிற்கிற அம்மாவுடையது, ஆச்சியுடையது. கூட்டுகிறது, அள்ளுகிறது, தண்ணி ஊத்துகிறது எல்லாம் வீட்டு வேலைக் கணக்கில் போய்விடும், ஒருத்தரும் அதை மரம் வளர்ப்பு எண்டு சொல்வதில்லை. "மரம் நட்டவர்" எண்டு பெயர் போடுவோம். "மரத்துக்குத் தண்ணி ஊத்தினவ" எண்டு பெயர்ப்பலகை எங்கும் கண்டதில்லை. "குப்பை" எண்டு அலுத்துக்கொள்கிற அந்தக் குரலில் நாற்பது வருடக் குனிவு இருக்கு. அதைப் பகிடி பண்ணாமல் விளக்குமாறைக் கையில் வாங்கினால் மரமும் தப்பும்.

மரம் ஏறுகிறவர்களும் குறைந்துபோனார்கள். ஏறுகிறவருக்கு உயிராபத்து அதிகம், மரியாதை குறைவு. அந்த வேலையைச் சாதியோடு கட்டிவைத்து இழிவாகப் பார்த்த சமூகம், இப்ப "ஏற ஆளில்லை" எண்டு புலம்புவதில் ஒரு நியாயமும் இல்லை. இன்னொரு பக்கம், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், வயசான இரண்டு பேர் பெரிய வளவுக்குள்ள தனிய. தொலைபேசியில் "ஏன் அம்மா கஷ்டப்படுறியள், தறிச்சு விடுங்கோ, காசு அனுப்புறன்" எண்டு பிள்ளை சொல்லும். பாசத்தில்தான் சொல்லுகிறது. தறிக்கக் காசு அனுப்பலாம் எண்டால் வருடத்துக்கு ஒருக்காக் கொப்புக் கழிக்கவும் அனுப்பலாம். செலவும் குறைவு. ஆனால் அப்படி ஒரு சேவையை ஊரில் கேட்டால் ஆரைக் கூப்பிடுவது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

சட்டமும் இந்த இடத்தில் கைகொடுக்காது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நிண்டாலும் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. நல்ல சட்டம். வேம்புக்கும் மாவுக்கும் அந்தக் கவசமும் இல்லை. எந்தச் சட்டமும் மரம் தறிப்பதைத்தான் தடுக்கும். பங்குனியில் வந்து தண்ணி ஊத்தாது.

அதனால எங்கட பக்கத்திலிருந்து மூன்று யோசனை.

ஒன்று, ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும், விளையாட்டுக் கழகத்திலும் பொதுவான மர ஆயுதங்கள் இருக்கட்டும். ஒரு நல்ல ஏணி, கைவாள், கொக்கச்சத்தகம், தடித்த கயிறு, தலைக்கவசம். ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குச் சேர்க்கிற காசுக்குள் இது அடங்கும். ஆவணி, புரட்டாதியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, வயசானவர்கள் தனிய இருக்கிற வீடுகளுக்கு ஒரு சுற்று. நிலத்தில் நிண்டு செய்யக்கூடியதை மட்டும் நாங்கள் செய்வோம். உயர ஏறுகிற வேலையைத் தெரிந்தவருக்குக் கூலியும் மரியாதையும் குடுத்துச் செய்விப்போம். மின்கம்பிக்குப் பக்கத்தில் போகிற கொப்பை ஒருத்தரும் தொடக்கூடாது. அதுக்கு அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவித்து, கம்பியில் மின்சாரத்தை நிறுத்தின பிறகு உரிய ஆட்கள்தான் வெட்ட வேணும்.

இரண்டு, கன்று குடுக்கிற எவரும் கன்றோடு ஒரு ஆளையும் குடுக்கட்டும். கன்றுக்குப் பொறுப்பான ஒரு பெயர், இரண்டு கோடைக்கு. நூறு கன்று நட்டுப் பத்து மிஞ்சுவதைவிட, இருபது நட்டுப் பதினெட்டு நிற்பது எங்களுக்குப் பெரிய விழா. இரண்டாம் வருடம் முடியக் கன்றைக் கட்டின கயிற்றையும் சுற்றிப் போட்ட கம்பிக் கூட்டையும் கழற்ற வேணும். வீதியோரத்தில் பாருங்கோ, எத்தனை மரம் தன்னைக் காப்பாற்றின கூட்டாலேயே கழுத்து நெரிபட்டு நிற்குது. கூடவே ரியூசன் விளம்பரத்துக்கு அடித்த ஆணிகளையும் பிடுங்கிவிடலாம்.

மூன்று, நடுகிற இடத்தை யோசித்து நடுவோம். இப்ப வீடுகள் இரண்டு பரப்புக் காணியில் எழும்புது. மதிலோரம் மூன்றடிக்குள் வைத்த வேம்பும், அத்திவாரத்தோடு ஒட்டி வைத்த மாவும் பதினைந்து வருடத்தில் "வேர் வீட்டை உடைக்குது" எண்ட ஐந்தாவது காரணமாகத் திரும்பி வரும். பெரிய மரத்துக்கு வீட்டிலிருந்து இருபது, இருபத்தைந்து அடியாவது வேணும். அந்த இடம் இல்லாத வளவில் தேசி, மாதுளை, கறிவேப்பிலை, வெட்டி வளர்க்கிற முருங்கை எண்டு வைக்கலாம். நிழல் குறைவுதான். ஆனால் தறிக்கப்படாமல் நிற்கும்.

1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனம் நீண்ட வருடங்களுக்குப் பிறகு காணிக்குத் திரும்பியபோது, வீடு இருந்த இடத்தைப் பலருக்குக் காட்டிக்குடுத்தது கிணறும் மிஞ்சி நிண்ட மரங்களும்தான். பார்க்க ஆளில்லாமல் அத்தனை வருடம் நிண்ட மரங்கள் அவை. இப்ப ஆள் இருக்கிற வளவுகளில் மரம் நிற்க முடியாமல் இருப்பதைத்தான் எங்களால் ஏற்றுக்கொள்ள ஏலாமல் கிடக்கு.

வருகிற கார்த்திகையில் நீங்களும் ஒரு கன்று நடப்போகிறீர்கள் எண்டால் அதுக்கு முந்தி ஒரு வேலை செய்யுங்கோ. போன கார்த்திகையில் நட்ட இடங்களுக்கு ஒருக்காப் போய், எத்தனை நிற்குது எண்டு எண்ணுங்கோ. நிற்கிறதுக்குப் பக்கத்தில் நிண்டு படம் எடுங்கோ. அந்தப் படத்தையும் போடுங்கோ. இதை எந்த மாதத்தில் வாசித்தாலும் உங்கட வளவில் அந்த மாதத்துக்கு ஒரு வேலை கிடக்கும். மாசி எண்டால் நெருப்புப்பெட்டியை ஒளியுங்கோ. சித்திரை எண்டால் வாளியை எடுங்கோ. ஆவணி எண்டால் மரத்தைச் சுற்றி ஒருக்கா நடந்து பாருங்கோ. ஐப்பசி எண்டால் ஏணியைச் சாத்தி, பீலிக்குள்ள கிடக்கிற இலையை அள்ளுங்கோ. கீழ நிண்டு ஏணியைப் பிடிக்கத் தம்பியையும் கூப்பிடுங்கோ.